வாயசைத்த பாட்டு

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மைதிலிக் கண்ணுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் கவினும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளி நாடகத்தின் வீடியோ எங்கே என்று பலமுறை கேட்டுவிட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளே மேடையில் பாடி நடிக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. இங்கே ஆண்டுவிழா என்றால் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு ஆடுவதுதானே. அதை மாற்றலாம் என்று, கோயம்புத்தூரில் இசை நாடகம் போடும் கன்னையனை வரவழைத்தேன். சனிக்கிழமைதோறும் ஆர்மோனியத்தோடு பஸ்ஸில் வந்தார். நொய்யல் ஆறு ஒரு பெண்ணாகி ஊர் ஊராக நடந்து வருகிற கதை, பாட்டெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கட்டியது. முதல் நாளே ஒருவன் எழுந்து, "ஏனுங்க சார், ஆறுன்னா சாயத்தண்ணி கலர்ல சேலை கட்டோணுமுங்களா?" என்று கேட்டான், கன்னையன் சிரித்த சிரிப்பில் வாசிப்பே நின்றுவிட்டது. தேஜஸ்ரீ என்ற பெண்தான் ஆறு. வகுப்பில் பதில் சொல்லவே தயங்குகிறவள், அவள் பாட ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துகிறவர்கூடச் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவார்.

அவள் அம்மா பழனியம்மாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து அவள் வீடு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். இருப்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, பக்கத்து அறையில் நைட் ஷிப்ட் போகும் வடக்கத்திப் பையன்கள் பகலெல்லாம் தூங்குவார்கள், அதனால் வீட்டில் சத்தமாகப் பேசக்கூட முடியாது. மகள் பாடி அவள் கேட்டதே இல்லை. நாடகத்துக்கு அம்மா வருவாள் என்பதுதான் தேஜஸ்ரீக்குப் பெரிய விஷயம், ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் தேதி மாறிவிடாதல்லவா என்று என்னிடம் கேட்டுக்கொள்வாள்.

மேடை, மைக் செலவெல்லாம் தண்டாயுதபாணி ஏற்றுக்கொண்டார், என்னிடம் படித்தவர், இப்போது சொந்தமாக எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். கடைசி ஒத்திகையைப் பார்க்க வந்தபோது தேஜஸ்ரீ ஓர் இடத்தில் சுருதி தவறிவிட்டாள். அவர் முகம் மாறிப்போயிற்று. "ஒரு பீஸ்ல கறை இருந்தாலும் லாட்டே திரும்பி வந்துருமுங்க சார். கல்வி ஆபீசர் வாராங்க, ரிஸ்க் வேண்டாமுங்க" என்றார். அடுத்த நாளே கோவை ஸ்டூடியோவில் ஒரு பாடகியை வைத்துப் பாட்டையெல்லாம் பதிவு செய்து கொண்டுவந்துவிட்டார். கன்னையன் என் முகத்தைப் பார்த்தார், நான் அந்தப் பாட்டு ஒலித்த ஸ்பீக்கரைப் பார்த்தேன். பிள்ளைகள் மேடையில் தடுமாறி அழுதுவிடுவார்களோ என்று எனக்கும் பயம், தலையாட்டிவிட்டேன். மேடையில் வாயசைத்தால் போதும் என்று தேஜஸ்ரீயிடம் நான்தான் சொன்னேன். "அப்ப நான் எதுக்குங்க சார்?" என்றாள். சினிமாவில் எத்தனை பெரிய நடிகைக்கும் வேறொருவர்தானே பாடுகிறார் என்று சொன்னேன். சரிங்க சார் என்று போய்விட்டாள்.

விழா ஒரு குறையும் இல்லாமல் நடந்தது கண்ணு. கன்னையன் ஆர்மோனியத்தை மூடி அதன்மேல் கையை வைத்தபடி மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் எழுந்து நின்று கைதட்டினார். ஷிப்மென்ட் நேரத்தில் சூப்பர்வைசரிடம் மன்றாடி வந்திருந்த பழனியம்மாள் எங்களிடம் ஓடிவந்து, "புள்ள நல்லா நடிச்சாளுங்க சார். பாடுனது ஆருங்க?" என்று கேட்டாள். தேஜஸ்ரீ அங்கேதான் நின்றாள். தலையில் வைத்திருந்த பூவை எடுத்துவிட்டாள்.

தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, போன சனிக்கிழமை மாலை வகுப்பறையிலேயே மறுபடி போட்டோம், மைக் இல்லை, விருந்தாளி இல்லை, கன்னையன் வாசிக்கப் பிள்ளைகளே பாடினார்கள். இரண்டு இடத்தில் பாட்டு மறந்து சிரித்தார்கள், அதுகூட நன்றாகத்தான் இருந்தது. தேஜஸ்ரீ வரவில்லை. முந்தின நாள் நேரில் போய்க் கூப்பிட்டேன், "தொண்டை கட்டிப்போச்சுங்க சார், சித்ரகலா பாடட்டுங்க" என்று தெளிவான குரலில் சொன்னாள். ஆனால் பழனியம்மாள் வந்திருந்தாள், கம்பெனியிலிருந்து நேராக, தலைமுடியில் பஞ்சுத்தூசியோடு. "என்ற புள்ள பாடறத ஒருக்காக் கேக்கலாம்னு வந்தனுங்க" என்றாள். மகள் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகும் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மகளோடு படிக்கும் சித்ரகலா பாடியதைக் கேட்டாள். முடிந்ததும் என்னிடம் வந்து, "எம்புள்ளயும் இப்படித்தான் பாடுவாளுங்களா?" என்று கேட்டாள். இதைவிட நன்றாகப் பாடுவாள் என்றேன். "ஊட்ல பாடச் சொன்னா சிரிச்சுட்டுப் போயிருதுங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீடியோவை அனுப்பமாட்டேன், அதில் இருப்பது தேஜஸ்ரீயின் குரல் இல்லை. கவின் பாடுகிறான் என்று சொன்னாயே, விருந்தாளிக்கு முன்னால் நிறுத்திப் பாடச் சொல்லாதே, அவனாகப் பாடும்போது பிசிறடித்தாலும் திருத்தாமல், கைவேலையை வைத்துவிட்டுக் கேள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள், மறந்துவிடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
ஆறுச்சாமி