துரைக்குப் பொன்னாடை

பிப்ரவரி 9

அண்ணன் கோகிலனை முட்டாளாக்கியது ராஜா நாவல்கள்தான்.

சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். இன்று தோட்ட மேனேஜர் துரையோடு கூட்டம். லயத்துக்குத் தலைவர் அண்ணன். ரோட்டோரம் எல்லாருக்கும் மாற்று வீடு உண்டு என்றார் துரை. அதை எழுத்தில் கேட்கப் பக்கத்து வீட்டு சரளா அக்கா எழுந்தார். அண்ணன் கையமர்த்தினான்.

"வாக்கு குடுத்தவருகிட்ட எழுத்து கேக்கிறது அவர அவமானப்படுத்துறது, அக்கா."

பிறகு துரைக்குப் பொன்னாடை போர்த்தினான். துரை சிரித்தார். சிரிக்காமல்?

பிப்ரவரி 10

வேலைக்கு ஈப்போ திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வழி முழுக்க அதே எரிச்சல். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தத் தடிப் புத்தகங்களையே அண்ணன் திரும்பத் திரும்பப் படிக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவன்தான் இளவரசன். குதிரைக்குப் புல் போட்டவனாக ஒரு நாளாவது படித்திருக்கிறானா? போரில் ஆயிரம் பேர் செத்தார்கள் என்று போகிறபோக்கில் வருமே — நம் தாத்தா இருந்திருந்தால் அந்த ஆயிரத்தில் ஒருவர். பால் வெட்டுன குடும்பம் நம்மது. எந்த அரண்மனை?

மார்ச் 22

துரை மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருக்கு அப்படி எந்தப் பேச்சும் தெரியாதாம்.

மார்ச் 23

போனில் கத்தினேன். அண்ணன் அசையவில்லை. "லயமே கேட்டுச்சு லா, ஷர்மினி. அத்தன பேரும் சாட்சி."

சாட்சியாம். எந்த அரசவையில் போய்ச் சொல்வான்?

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். தாளில் ஏதாவது இருக்கிறதா என்றார். பொன்னாடை போர்த்திய போட்டோ இருக்கிறது என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜூன் 14

இடித்துவிட்டார்கள். சரளா அக்கா தெலுக் இந்தானில், மகள் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். அண்ணன் என் வாடகை அறையில். சோத்துப் பானையை விட்டுவிட்டுப் புத்தகப் பெட்டிகளைத் தூக்கி வந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 3

ஈப்போவில் ராஜா நாவல் வாசகர் கூட்டம். அண்ணன் மேடையில் லயம் இடிந்த கதையைச் சொல்லி, "துரோகத்தால் வீழ்ந்தோம்" என்றான். கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரளா அக்கா எழுந்து நின்றது அவன் பேச்சில் வரவே இல்லை.

முடிந்ததும் எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். சொன்னேன்: "தெலுக் இந்தானுக்குப் போலாம்ணே. அக்கா மொகத்தப் பாத்து, 'நான்தான் ஒங்கள கேக்க விடல'ன்னு சொல்லு."

இன்னொரு கிளாஸ் தே தாரே டீ கேட்டான். பேச்சை யாராவது வீடியோ எடுத்தார்களா என்றான்.

மறுபடி சொன்னேன். "நாளைக்கே போலாம். எத்தன மணிக்குக் கெளம்புற, சொல்லு."