தெற்கே வாட்டம்

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. பேவர் கல் வந்து இறங்கியது. போர்டிகோவின் பழைய தரையைப் பெயர்த்தாயிற்று.

போர்டிகோவின் கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டு காதர் பாயுடையது. சுவருக்கு அந்தப்பக்க அறையில்தான் அவர் மகள் நஸீமா கைக்குழந்தையோடு படுத்திருக்கிறாள். பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஈரம் அங்கே போய்விடக் கூடாது. மேஸ்திரி முருகேசனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தெரிது சார். அதையே சொல்லிக்கினு இருக்கீங்க."

செப். 9, செவ்வாய்

தரையின் வாட்டம், அதாவது சரிவு, எந்தப் பக்கம் என்று பேச்சு. தெற்குப் பார்த்த வீடு. தண்ணீர் தெருவுக்கு ஓடினால் போதும். மனைவி சரோஜா ஒப்பவில்லை.

"தெக்க போற தண்ணி குடும்பத்துக்கு ஆவாதுங்க. ஈசானி மூலைக்குப் போவட்டும்."

"அம்மா சொல்றதுதான் சார் மொறை" என்றார் முருகேசன்.

வடகிழக்கு மூலை என்றால் எங்கள் சுவரும் பாய் வீட்டுச் சுவரும் சேருமிடம். சொன்னேன். மூலையில் குழாய் பதித்துத் தண்ணீரை வெளியே எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சமாதானம் சொன்னார். மகனுக்குப் பெண் பார்க்கிற நேரம். வாதாடாமல் தலையாட்டினேன்.

செப். 12, வெள்ளி

வேலை முடிந்தது. பார்க்க அழகு. ஆனால் சுவரோடு நெருக்கிக் கல் வைத்திருக்கிறார்கள். இடைவெளியே இல்லை. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். சின்னசேலத்தில் நேற்று நல்ல மழையாம்.

செப். 14, ஞாயிறு

இங்கும் மழை. குழாய் வாயில் மணலும் வேப்பஞ்சருகும் அடைத்து, மூலையில் குளம். பிளாஸ்டிக் மக்கில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன்.

விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் நீரை இழுக்கும். எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்.

செப். 15, திங்கள்

கடை திறக்கப் போகும்போது பாய் வழக்கம்போல, "இன்னா சார், மழை ஜாஸ்தியா?" அவ்வளவுதான்.

சரோஜா குழந்தையைப் பார்க்கப் போனவள் முகம் தொங்கி வந்தாள்.

"செவுத்துல முட்டி ஒசரத்துக்கு ஓதம். கட்டில கூடத்துல போட்டுக்கினாங்க. புள்ளைக்கு சளி. மூச்சு கர்கர்ன்னுது. ஏன் சொல்லலன்னு கேட்டா, 'பையனுக்கு நல்ல காரியம் பண்ற நேரம், இன்னாத்த சொல்றது'ன்றாங்க."

சாப்பிடவில்லை இருவரும். பிறகு அவளே, "மேஸ்திரிய வரச் சொல்லுங்க. தெக்கயே போவட்டும்."

"குடும்பத்துக்கு ஆகாது என்றாயே?"

"அந்தப் புள்ள மூச்ச கேட்டுட்டு வாங்க. அப்பறம் பேசுங்க."

செப். 17, புதன்

கல் பெயர்ப்பு. முருகேசனுக்குச் சலிப்பு. "மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்."

"சொன்னேனே."

"அம்மாவப் பாத்துக்கினே சொன்னீங்க. அது எப்டி காதுல உழும்?"

சரோஜா உள்ளே சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்ய வேண்டியவை: சுவர் காய்ந்ததும் அடியில் ஓதம் தடுக்கும் பூச்சு. சுவரோரம் ஒரு சாண் கல் பாவாமல் ஜல்லி. வாட்டம் தெருவுக்கு. காயும்வரை மழை வராமல் இருக்க வேண்டும்.

செப். 20, சனி

பூச்சு முடிந்தது. கல் மறுபடி பதித்தாயிற்று. ஒரு குடம் ஊற்றிப் பார்த்தேன். நேராகத் தெருவுக்கு ஓடியது. நம்பாமல் இன்னொரு குடம். குழந்தைக்கு டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறாராம்.

செப். 26, வெள்ளி

மத்தியானம் பெருமழை. மூலையில் தேங்கவில்லை. குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது என்று சரோஜா சொன்னாள். மனசு கேட்காமல் சாயங்காலம் போனேன்.

கட்டில் பழைய அறைக்கு வந்துவிட்டது. சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

"சுவர் காய்ந்துவிட்டதா பாய்?"

"நல்லாவே காஞ்சிடுச்சி சார். ஒக்காருங்க, டீ சாப்டுங்க."

டீ குடித்து முடிக்கும்வரை கட்டில் சுவரைவிட்டு அந்த ஒரு முழம் தள்ளியேதான் இருந்தது.