மணல் கழுவிய விஷயம்

தியாகராய நகர்,
18—3—1937

என் கண்ணான நீரஜாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே கொசுக்கடி நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எழுதும்போது இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தனித்தனியாக எழுது. மொத்தமாகச் சௌக்கியம் என்று எழுதினால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் போடாததற்குக் காரணம் நம் தோட்டத்துக் குளம். சிரிக்காதே, முழுக்கப் படி.

மயிலாப்பூர் ஸப் ஜட்ஜ் ராஜகோபாலையர் தம் பிள்ளை கல்யாணராமனுக்கு உன்னைக் கேட்டதும், வைகாசியில் முகூர்த்தம், அத்தோடு டில்லிப் படிப்புக்கு முழுக்கு என்று சொன்னதும் உனக்குத் தெரியும். ஆத்துக்கு டாக்டர் வந்தாப் போறாதோ, மாட்டுப்பொண்ணே டாக்டரா வரணுமோ என்று அந்த மாமி என் முகத்துக்கு நேரேயே கேட்டாள். அப்பாவுக்கு அது பரம நியாயமாகப் பட்டது. ஜட்ஜுக்குத் தாமரை என்றால் உயிர் என்று கோர்ட்டில் யாரோ சொல்ல, மறுநாளே பவழமல்லிக்குப் பக்கத்தில் குளம் வெட்ட ஆள் வந்துவிட்டது. சிமெண்டு பூசி, தாமரை வைத்து, தண்ணீரும் மீனும் விட்டுப் பத்தே நாளில் முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்தாற்போல் ஆயிற்று. அப்பா ஊரெல்லாம் யோசனை கேட்டார். ஒருவர் சொல்லிப் படிகாரம் போட்டதில் மீன்கள் மல்லாந்தன. கடைசியில் பக்கத்து வீட்டு ரிடையர்டு இஞ்சினீர் சுவாமிநாதையர், கரையில் ஒரு தொட்டி கட்டி ஜல்லியும் அதன்மேல் ஆற்று மணலும் நிரப்பி, கைப்பம்பால் குளத்து நீரை இறைத்து அதன் வழியே குளத்துக்கே வடியவிட்டால் தெளியும் என்றார். கட்டியாயிற்று. உன்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் காலேஜுக்குப் போய்த் தாவர சாஸ்திரத்தில் மெடல் வாங்கினவள் ஒருத்தி இவர்களுக்கெல்லாம் காபி கலந்துகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

மணல்மேல் சில நாளில் வழவழவென்று ஒரு பாசி ஆடை படியும். அழுக்கைப் பிடிப்பது அதுதான். மணல் அதற்கு வெறும் படுக்கை. அப்பாவோ அதைப் பார்த்து அருவருத்து, அழுக்கு மணல்லேர்ந்து சுத்த ஜலம் எப்படிடி வரும் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார், பதிலுக்கு நிற்கவில்லை. தோட்டக்காரப் பக்கிரி தினம் காலையில் மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆடை படியவுமில்லை, குளம் தெளியவுமில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இதுவரை என் குற்றம் மௌனம் மட்டும்தான்.

போன மாதக் கடைசியில் பக்கிரிக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் வரவில்லை. பம்பை அப்பாவே தேகப்பயிற்சி என்று அடித்தார். மணலைக் கழுவத்தான் ஆளில்லை. புதன்கிழமை காலையில் பார்க்கிறேன், தாமரைத் தண்டு அடிவரை தெரிகிறது! அப்பா பம்பைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை ஜட்ஜ் வீட்டார் வருகிறார்கள். தாமரையைப் பார்த்து ஜட்ஜ் மயங்கினால் உன் படிப்புக்கு முழுக்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ஆடையை முழுக்க வழித்துக் கழுவி, கழுவின சேற்றையும் குளத்திலேயே கொட்டத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்த பக்கிரி, இன்னாம்மா இது, கய்வாத உட்டதாலதானே தெளிஞ்சி கீது என்றான். ஐயா உத்தரவு, தினமும் கழுவ வேண்டும் என்றேன். அவன், சின்னம்மா டாக்டருக்குப் படிச்சிக்கினு கீதில்ல, அப்போ கய்விட வேண்டியதுதான் என்று கூடையை வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை குளக்கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஜட்ஜ் தாமரையைப் பார்த்தாரோ என்னவோ, கணுக்காலைச் சொறிந்ததைத்தான் நான் பார்த்தேன். இந்தக் கொசுக்கடியிலே வளர்ந்த பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் மலேரியான்னா ஊறிக் கெடக்கும் என்று மாமி ரகசியமாக, எல்லோர் காதிலும் விழும்படி, சொன்னாள். மாசியில் பத்துக்கு ஒன்பது பொருந்தியிருந்த ஜாதகம் மறுநாளே பொருந்தாமல் போயிற்று. அப்பா நேற்று, அவள் படிச்சு டாக்டராவே வரட்டும், இவாளுக்கெல்லாம் ஊசி போடட்டும் என்றார். உன் அடுத்த வருஷத்துக் கவலை விட்டது.

ஆனால் எனக்கு மனசு சரியாயில்லை. மணல்தான் கோளாறு என்று அவர் இன்று பாலாற்று மணலுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். குளத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறார். கல்யாணமானதிலிருந்து இத்தனை ஆசையாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் ஒரே வாரத்தில் தெளிய வைத்துவிடுவேன், ஜட்ஜ் வீட்டு ஜாதகமும் அதே வேகத்தில் பொருந்திவிடும் என்று பயமாயிருக்கிறது.

எண்ணெய் தேய்த்துக்கொள்வதை விடாதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு. பகவான் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல ஞாபக சக்தியும் கொடுக்கட்டும். நான் செய்தது சரியா தப்பா என்று மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுது. பரீட்சை முடிந்த பிறகு எழுது.

உன் அம்மா,
ஜானகி