கை போய் நிற்கும் இடம்

மார்ச் 3
இன்றும் ஆட்காட்டி விரல் மரத்துப்போய்விட்டது. அவ்வளவு தூரம் குனிந்தபடியே எருமையை ஓட்டிக்கொண்டு போனேன். என் மோட்டார் சைக்கிளுக்கு வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. ஒரு பெரியவரின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடினால், எதுவுமே தட்டுப்படவில்லை. இரண்டு முறை குத்தினேன். "பரவாயில்லம்மா" என்றார். பரவாயில்லையா? வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவளுக்கு விரல்தானே கண்?

மார்ச் 5
டாக்டர் சொன்னது: "ஒண்ணு வண்டிய விடுங்க, இல்ல குனியறத விடுங்க." வீட்டுக்காரர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "வித்துத் தொலைச்சிடலாம்டி. லேப்ல உக்காந்து வேலை பார்த்தா என்ன குறைஞ்சிடும்?"
லேப் மேலாளரும் அதையே சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் விரல் சரியாகாவிட்டால் மேஜை வேலைதான். நாலு சுவருக்குள் நானா? பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் 9
குனியாமல் ஓட்ட, உயரமான ஹேண்டில்பார் மாட்டியாச்சு! கடையில் இருந்ததிலேயே உயரமானது. பார்க்கவே ராஜகளை.

மார்ச் 10
சே. கை தோளுக்கு மேலே போகிறது. கொடியில் துணி காயப்போடுகிற மாதிரியே ஊரெல்லாம் ஓட்டினேன். ஒரு விரலுக்குப் பதில் பத்தும் போச்சு.
மெக்கானிக் சிரித்தார். "அழகப் பார்த்து வாங்கினீங்க, உங்க கையக் கேட்டீங்களாக்கா? வண்டில உக்காந்து, கண்ண மூடிட்டு, கையத் தூக்கி விடுங்க. எங்க போய் நிக்குதோ, அங்க வரணும் ஹேண்டில்பார்."

மார்ச் 12
எழுதும்போதே சிலிர்க்கிறது.
வாசலில் வண்டியை நிறுத்தி, பாரைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். கை நின்ற இடத்தில் வீட்டுக்காரர் மாப் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம். "சீக்கிரம்டி, மானம் போகுது" என்றார். கம்பில் என் கை பட்ட இடங்களில் சிவப்பு டேப் ஒட்டினார். மறுபடி கண்ணை மூடிக் கையைத் தூக்கினேன். அதே டேப். இன்னொரு தடவை. அதே டேப்! தோளுக்குக் கீழே, முழங்கை லேசாக மடங்கி.
அவர் கேலியை நிறுத்திவிட்டார். "எப்படிடி?" என்றார், மெதுவாக. எனக்கு என்ன தெரியும்? என் கைக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் நான்தான் கேட்கவில்லை.

மார்ச் 15
அந்த அளவுக்கே பார் கிடைத்தது. வயர்களையும் நீளமாக மாற்றினார்கள். நிமிர்ந்து ஓட்டினேன் — அம்மாடி! இந்தத் தெருவுக்கு மாடிகள் இருக்கின்றன. மாடிகளில் செடிகள், அதற்கு மேலே எவ்வளவு பெரிய வானம்! முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தையே பார்த்து இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 16
நாள் முழுக்கச் சுற்றினேன். விரல் விரலாகவே இருக்கிறது.

மார்ச் 20
அதே பெரியவர் வீடு. விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் மெத்தென்று நரம்பு எழும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசியை எடுத்த பிறகு அவர் கேட்கிறார், "எப்பம்மா குத்தப் போற?"
வீட்டுக்கு வந்தால் இவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் உரிந்துபோன சிவப்பு டேப்பைக் கம்பில் புதிதாக ஒட்டியிருந்தார். "அளவு எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்றேன்.
"இருக்கட்டும். உன் கை நின்ன இடம்."