துடைப்பதற்கு முன் எழுதிக்கொண்டது

அக்கா,

இன்று காலை நிலாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலமாரியில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கினேன். அடியில் உங்கள் நோட்டு கிடந்தது. பச்சை அட்டை, கிழிந்த முதுகில் நீங்கள் ஒட்டிய பிளாஸ்டர். திறந்ததும் எலுமிச்சை வாசம் வந்தது, நீங்கள் வகுப்பறைப் பலகை துடைக்கும் அந்தத் தண்ணீரின் வாசம். இத்தனை வருடம் கழித்து அது இருக்க முடியுமா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது.

நிலாவைப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம். விண்ணப்பத்தில் பிறந்த நாடு ஆஸ்திரேலியா என்று எழுதினேன். அடுத்த கட்டம் குடியுரிமை. அங்கே இந்தியா. அதற்கடுத்தது விசா வகை, தற்காலிகம். அம்மாவின் வேலை என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற நிலா கேட்டாள்: "அம்மா, என் ஃப்ரெண்ட் சொல்றா நான் இங்க பார்ன், சோ ஆஸ்திரேலியனாம். ஆம் ஐ?"

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்டா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே மாதிரி ஒரு வாக்கியத்தை உங்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது ஒரே ஒரு செமஸ்டர். அன்று மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். வகுப்பு காலி. துப்புரவு வேலைக்கான நீலச் சட்டையோடு நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து, பலகையில் இருந்ததை அம்புக்குறி விடாமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன பிள்ளை, குடையோ? அந்தக் கதிரையில கிடக்கு."

"நீங்க தமிழாக்கா?"

"ஓம். பயப்பிடாதையும், உங்கட வாத்தியாரின்ரை சொத்து ஒண்டும் எடுக்கேல்லை. துடைக்கிறதுக்கு முதல் ஒருக்கா எழுதிப்போட்டுத் துடைக்கிறனான். வீணாப் போகுதெல்லோ."

அந்தப் பாடம் அமெரிக்கக் கல்வியின் வரலாறு. பள்ளிக்கூடம் யாருக்காக என்பதுதான் கேள்வி. பையன்களுக்கு அரசும் சட்டமும், பெண்களுக்குச் சமையலும் தையலும். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம். வந்தேறிகளின் பிள்ளைகளுக்கு முதல் பாடமே வீட்டு மொழியை மறப்பது. வாரா வாரம் வகுப்பு முடிந்து பத்து நிமிடம் காத்திருந்து, நீங்கள் எழுதியதற்கு விளக்கம் சொல்வேன். வயிற்றில் அப்போது நிலா.

தையல் பாடத்தைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அவையள் நூறு வருசத்துக்கு முந்திச் செய்த பிழை. நீர் இந்தியாவில எம்.ஏ. முடிச்சுப்போட்டு இஞ்ச தோசை சுடுறீர். நான் யாழ்ப்பாணத்தில கம்பஸில படிக்க எடுபட்டுப்போட்டு இஞ்ச கம்பஸைக் கூட்டுறன். முன்னேற்றம்தானே!"

கடைசி வாரம் பலகையில் ஒரு வரி இருந்தது. அங்கே ஆவணமில்லாத பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடியும்வரை தடுக்க முடியாது. அதற்குப் பிறகு அந்த உறுதி இல்லை. நீங்கள் அதன் கீழே கோடு போட்டீர்கள். உங்கள் மகள் பானு அப்போது பத்தாம் வகுப்பு. படகில் வந்தபோது ஆறு வயது. உங்கள் விசா ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற விசா.

"இது அமெரிக்காவில. இஞ்சயும் அப்பிடியோ பிள்ளை?"

எனக்குத் தெரியும், அக்கா. வெளிநாட்டு மாணவிக்கான பல மடங்கு கட்டணத்தைத்தான் நானே கட்டிக்கொண்டிருந்தேன். பானுவுக்கும் அதைத்தான் கேட்பார்கள், கடனும் கிடைக்காது என்று தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியலக்கா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

நோட்டை என் கையில் வைத்தீர்கள். ஒவ்வொரு பலகைப் பாடத்துக்குக் கீழேயும் அரைப் பக்கம் காலியாக விடுவது உங்கள் வழக்கம். "விளங்கினாப் பிறகு எழுத இடம் வேணும். விசாரிச்சு அதில எழுதித் தாரும்."

பிறகு நிலா பிறந்தாள். நான் படிப்பைத் தள்ளி வைத்தேன், பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு வரட்டும் என்று. என் விசா என் கணவரின் விசாவின் வால். அவர் வேலை ஆட்டம் கண்டால் எங்கள் மூன்று பேருக்கும் ஆட்டம். என் பயத்திலேயே எனக்குப் பொழுது போனது. நோட்டைத் திருப்பித் தந்தால் பதிலையும் தரவேண்டும். அதனால் தரவில்லை.

பானு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு உங்களை ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் பார்த்தேன். நல்ல மதிப்பெண். நர்சிங்குக்கு இடமும் வந்திருந்தது, கட்டணத் தாளோடு.

"சில இடத்தில உதவித்தொகை இருந்ததாம். முந்தியே கேட்டிருக்கோணுமாம்" என்றீர்கள். தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டீர்கள்: "உமக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?"

ரயில் வந்துவிட்டது. நிலாவின் ஸ்ட்ரோலரை ஏற்றுகிற சாக்கில் நான் ஏறிவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளைக்குக் கை காட்டினீர்கள்.

போன வருடம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்ததாகப் பானு அனுப்பிய செய்தியை நான் பார்த்தபோது உங்கள் இறுதிச் சடங்கும் முடிந்திருந்தது. அவள் இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறாள். நான் வேறு கடைக்குப் போகிறேன்.

இன்று அந்தப் பக்கத்தை எடுத்து, கோட்டுக்குக் கீழே எழுதினேன்: "ஓம் அக்கா. இஞ்சயும் அப்பிடித்தான்." உங்கள் தமிழில் எழுதினால்தான் உங்களுக்குக் கேட்கும் என்று தோன்றியது. நாளை இந்த நோட்டைப் பானுவிடம் கொடுக்கப்போகிறேன். தெரிந்தே சொல்லாமல் விட்டதையும் சொல்லவேண்டும். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு நிலாவைக் கூப்பிட்டேன். "அப்பாகிட்ட கேக்க வேணாம்டா. எனக்கே தெரியும். நீ இங்க பிறந்தவதான். ஆனா ஆஸ்திரேலியன் இல்ல. இன்னும் இல்ல."

அவள் அழவில்லை. க்ரேயானைக் கீழே வைத்துவிட்டு, "ஓகே. வென்?" என்றாள்.

விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதி, கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன், அக்கா.