பந்து மகமை

நம் கால்பந்து கிளப்புக்குப் புதுப் பந்து வந்திருக்கிறது, கடனில். உறையைப் பிரித்ததும் தோல் வாசனை அறையெங்கும் பரவியது. மற்றவர்கள் வாங்கி வாங்கி முகர்ந்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். பின்வரிசையில் என் பக்கத்தில் நின்று ஆடியவன் நீ. நீ இல்லாமல் இதுதான் முதல் பந்து.

நம் கிளப் எப்படி நடந்தது என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. செஞ்சி மண்டிக்கு வரும் வேர்க்கடலை மூட்டை ஒவ்வொன்றுக்கும் வியாபாரிகள் விலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். கோயில் மகமை மாதிரி இது பந்து மகமை. நன்கொடையாளர்கள் என்று நோட்டீஸில் அச்சானது வியாபாரிகளின் பெயர். ஆனால் குறைந்ததோ விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய விலை. அவலூர்பேட்டைப் பக்கமிருந்து வண்டி கட்டி வரும் உன் நைனாவுக்கும் அப்படித்தான். ஆனாலும் பந்துக்கும் பஸ் செலவுக்கும் அது போதுமாக இருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

பிறகு கோப்பை ஆசை வந்தது. கமிட்டி மகமையை ஏற்றியது. மெட்ராஸிலிருந்து மூன்று ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு லாட்ஜ், பிரியாணி, புது பூட்ஸ். நமக்கு வழக்கம்போல வெறுங்கால். இறுதி ஆட்டத்தில் உன் இடத்தில் அவர்களில் ஒருவன் நின்றான். நீ கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கத்தினாய்:

"டேய், அது எங்க நைனா வாங்கிக் குடுத்த பூட்ஸுடா! பாத்து ஒதைக்கச் சொல்லு, தேஞ்சிடப் போவுது!"

ஆடிக்கொண்டிருந்த நான்கூடச் சிரித்தேன். கமிட்டித் தலைவரான துணிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னாடா, ஊருக்குக் கப்பு வேணாவா?"

"கப்பு வேணும் மொதலாளி. ஊர்க்காரன் ஆட வேணாவா?"

கோப்பை வந்தது. மகமைக்குப் பயந்து கடலை வண்டிகள் திண்டிவனத்துக்குத் திரும்பின. ஆட்டம் நின்றது. மஞ்சள் காமாலையில் நீ போனபோது ஒரு மாலை வாங்கக்கூடக் கிளப்பில் காசில்லை. கோப்பை துணிக்கடைக் கண்ணாடிக்குள் பளபளத்துக்கொண்டிருந்தது.

இப்போது வண்டிகள் செஞ்சிக்கே திரும்பி வருகின்றன. மறுபடியும் மெட்ராஸ் ஆட்டக்காரர்கள் பற்றிப் பேச்சு. மறுபடியும் மகமை. இன்று காலை மண்டியில் விவசாயிகள் அதை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். உன் நைனா போடவில்லை.

"புடிச்சிக்கோப்பா. எம்புள்ள ஆடுன கிளப்பு" என்றார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். "அந்தக் கப்பு ஆட்டத்துல அவுன் நல்லா ஆடுனானா? கேட்டா சிரிப்பான், ஒண்ணும் சொல்ல மாட்டான்."

உன்னை ஆட விடாததை நீ வீட்டில் சொல்லவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லா ஆடுனான், பெரிப்பா."

அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு மிச்சமிருக்கும் அந்த ஒரு பெருமையையும் பறித்தவனாவேன். சொல்லாவிட்டால் அடுத்த அறுவடையிலும் மகமை பிடிப்பார்கள். அவரும் சந்தோஷமாகக் கொடுப்பார்.