என் பெயரில் போன மறுப்புக் கடிதம்

அனுப்புநர்
டெஸ்ஸா நேப்பியர்,
நிதியுதவி ஆலோசகர், இரண்டாம் ஜன்னல்,
மாணவர் சேவைக் கட்டடம்,
டாலிவர் கேப் சமுதாயக் கல்லூரி,
கென்டக்கி.

பெறுநர்
முனைவர் லுவான் ப்ரஷியர் அவர்கள்,
கல்லூரித் தலைவர்,
டாலிவர் கேப் சமுதாயக் கல்லூரி.

பொருள்: மாணவி ரேலின் ஃபுகேட்டுக்கு வழங்கிய விலக்கு எனக்குத் தெரியாமல் என் பெயரிலேயே ரத்து செய்யப்பட்டது – வரும் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் மீட்டுத் தரக் கோருதல் – எனது பழைய மாணவர் கோப்பு அனுமதியின்றித் திறக்கப்பட்டது குறித்த புகார்.

பார்வை: 1. எனது ஒப்புதல் குறிப்பு, நாள் 14.08.2024.
2. என் பெயரிட்ட மறுப்புக் கடிதம், நாள் 26.08.2024.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கடந்த ஐந்து ஆண்டுகளாகப் பிறருடைய மனுக்களைப் படிப்பதே என் வேலை. "நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், ஆதாரத்தை இணையுங்கள்" என்று எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வரும் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இன்று நானே எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு பக்கம் எவ்வளவு சிறியது என்று தெரிகிறது. அதற்கு மேல் போவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. நான் இந்தக் கல்லூரியில் 2016 இல் மாணவியாகச் சேர்ந்தேன். படித்துக்கொண்டே நிதியுதவி அலுவலகத்தில் முத்திரை குத்தும் பகுதிநேர வேலை பார்த்தேன். பிறகு ஜன்னல் எழுத்தர், பிறகு ஆலோசகர். கடந்த ஜூனில் இயக்குநர் திருமதி ஓனா காடில் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த இடம் காலியாக உள்ளது. மாணவர் சேவைத் துணைத்தலைவர் திரு. வேட் பிளெட்சோ அதையும் சேர்த்துக் கவனித்து வருகிறார். இயக்குநர் பதவிக்கு நான் விண்ணப்பித்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மனுவை ஐயத்தோடு படிக்க அது ஒரு காரணமாகலாம். அப்படியே படியுங்கள். ஆதாரங்கள் அதைத் தாங்கும்.

3. தாங்கள் அறிந்ததே: இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட மாணவர் உதவித்தொகை பெற, பெற்றோரின் வருமான விவரமும் கையொப்பமும் வேண்டும். பெற்றோரை அணுகுவது இயலாதது அல்லது ஆபத்தானது என்று ஆதாரத்தோடு தெரிந்தால், அக்கையொப்பத்திலிருந்து விலக்கு அளித்து உதவி வழங்க நிதியுதவி அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்ய வேண்டும். எங்கள் வேலையில் இயந்திரம் செய்ய முடியாத பகுதி இது ஒன்றுதான்.

4. செல்வி ரேலின் ஃபுகேட், வயது 19. முதியோர் இல்லத்தில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, செவிலியர் படிப்பின் இருபத்து நான்கு இடங்களில் ஒன்றைப் பெற்றவர். 2021 அக்டோபரில், அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, வீட்டின் பூட்டு மாற்றப்பட்டது. அவருடைய துணிகள் ஒரு சலவைக் கூடையில் வாசலில் வைக்கப்பட்டிருந்தன. அதற்கு முன் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதை இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. அது முடிவெடுப்பவர் ஒருவர் படிப்பதற்காக எழுதப்பட்டது.

5. அவருக்கு வெளிச்சாட்சியாகக் கடிதம் கொடுத்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் திரு. ஆர்வில் சைஸ்மோர். அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்: "நான் பஸ் ஓட்டுறவன். எழுத வராது. ஆனா எந்த வாசல்ல எந்தப் பிள்ளை நிக்குதுன்னு எனக்குத் தெரியும். அந்த அக்டோபர்லேர்ந்து ரேலின் அவ வீட்டு வாசல்ல நிக்கல. சர்ச் பார்க்கிங்லதான் ஏத்துவேன். மழை பெஞ்சா முன்னாடியே போய் நிப்பேன். யார் கேட்டாலும் சொல்றேன்." கடிதத்தோடு இரண்டு ஆண்டுகளுக்கான தம் வழித்தடக் குறிப்பேட்டின் பிரதிகளையும் இணைத்திருந்தார். நிறுத்தம் மாறிய நாளில் பழைய நிறுத்தம் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு, புதியது எழுதப்பட்டிருக்கிறது. நான் பார்த்த ஆதாரங்களில் இதைவிடத் தெளிவானவை குறைவு. ஆகஸ்ட் 14 அன்று விலக்கு அளித்தேன்.

6. இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். எழுத்தில் கடிதம் போகும் முன் வாயால் எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அன்று நான் ரேலினிடம், "முடிஞ்சுது. போய் யூனிஃபார்ம் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் வாங்கிவிட்டார்.

7. ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, இயக்குநர் பதவிக்கான என் நேர்காணல் நடந்தது. திரு. பிளெட்சோவுடன் மேலும் இரு உறுப்பினர்கள் இருந்தனர். பத்து நிமிடம் கழித்து அவர் ஒரு பழைய கோப்பை மேசையில் வைத்தார். அது 2016 ஆம் ஆண்டின் என் மாணவர் கோப்பு. "இது உங்க கையெழுத்துதானே, டெஸ்ஸா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பெற்றோர் கையொப்பம் இல்லாமல் உதவி கேட்டு எனது பத்தொன்பதாம் வயதில் நான் எழுதிய கடிதம் அது. அதன் மூன்றாம் பத்தியை அவர் உரக்கப் படித்தார்.

அந்தப் பத்தியில் உள்ளதை அதுவரை அறிந்திருந்தவர்கள் இருவர்: நானும், அன்று என் மனு மீது முடிவெடுத்த திருமதி காடிலும். என்னோடு தினமும் மதிய உணவு உண்பவர்களுக்கும் தெரியாது.

படித்து முடித்து அவர் சொன்னது: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க மனசு நல்ல மனசு. பிரச்சினையே அதுதான். வீட்ட விட்டு வந்தேன்னு யார் வந்து நின்னாலும் உங்களுக்கு உங்க மூஞ்சிதான் தெரியுது. அந்த ஃபுகேட் பொண்ணுக்கு யாரு சாட்சி, பஸ் டிரைவரா? அடுத்து பீட்சா கொண்டாந்து குடுக்குறவன்கிட்ட லெட்டர் வாங்குவீங்களா?"

உறுப்பினர் ஒருவர் சிரித்தார். மற்றவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்காணல் என்பதால் நானும் சிரித்தேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

8. மறுநாள் திரு. பிளெட்சோ ரேலினின் கோப்பை எடுத்துக்கொண்டு, அவருடைய தாயாருக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பேசியபின் என் மேசைக்கு வந்து சொன்னார்: "பாத்தீங்களா, ஒரே ஒரு போன். அந்த அம்மா கையெழுத்துப் போட ரெடி. பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வரணும், அவ்வளவுதான் கேக்குறாங்க. இதுக்கா இவ்வளவு பேப்பரு?"

அம்மையீர், அந்த விலக்கு விதி எதற்காக இருக்கிறதோ, அதுவே அந்த வாக்கியத்தில் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பினால்தான் கையொப்பம். திரும்ப முடியாதவருக்காகத்தான் விதி. இதை அவரிடம் அப்போதே சொன்னேன். "நாற்காலி கிடைச்சப்புறம் விதி பேசுங்க" என்றார்.

9. திங்கட்கிழமை விலக்கு ரத்தாகி, மறுப்புக் கடிதம் போனது. கோப்பு யாருடைய பொறுப்பில் தொடங்கியதோ அவருடைய பெயரையும் கையொப்பப் படத்தையும் கணினியே இட்டுவிடும். ஆகவே அக்கடிதத்தின் அடியில் இருப்பது என் பெயர். அதே நாளில் இவ்வகைக் கோப்புகளைத் திருத்தும் என் அனுமதியும் நீக்கப்பட்டது.

10. நேற்று, செவ்வாய்க்கிழமை, ரேலின் அந்தக் கடிதத்தோடு ஜன்னலுக்கு வந்தார். சீருடை அணிந்திருந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "மிஸ் டெஸ்ஸா, நீங்கதானே ஆமான்னு சொன்னீங்க. இல்லைன்னு எழுதுனதும் நீங்கதான். ரெண்டுல எது நீங்க?" என்று கேட்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றிருந்தனர். மேலதிகாரியைக் குறை சொல்லாமல் பதில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. "தப்பு நடந்திருக்கு, பாக்குறேன்" என்றேன். "எங்கம்மாவுக்கு போன் போட்டதும் தப்பா?" என்றார்.

அன்று காலையில் செவிலியர் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், அந்த வீட்டில் இருக்கும் தன் மாற்றாந்தந்தையின் பிக்கப் வண்டி நின்றதாகவும் அவர் கூறினார். நான் பார்க்கவில்லை. ஆகவே அதை நடந்த ஒன்றாக எழுதாமல், அவர் கூறியதாக மட்டும் எழுதுகிறேன். ஏழரை மணியிலிருந்து எட்டேகால் வரையிலான கேமராப் பதிவைப் பாதுகாப்புப் பிரிவு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்பதிவு எழுபத்திரண்டு மணி நேரத்தில் அழிந்துவிடும் என்று அங்கே கேட்டறிந்தேன்.

11. நான் என் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறேன் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில் இது. இவ்வாண்டில் பதினெட்டு விலக்கு மனுக்களைப் பார்த்தேன். ஏழுக்கு ஒப்புதல், பதினொன்றுக்கு மறுப்பு. மறுத்தவற்றில் ஒன்று, ரேலினின் கடிதத்தைவிடப் பல மடங்கு மனத்தை உலுக்குவது. படித்த அன்று என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. ஆனால் ஆதாரம் இல்லை, மறுத்தேன். அதை எழுதியவர் இப்போது மளிகைக் கடையில் எனக்குப் பில் போடுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. வேறு வரிசைக்குப் போகாமல் அவருடைய வரிசையிலேயே நிற்கிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

தவிர, ரேலினின் நிலை என் நிலையைப் போன்றதும் அல்ல. என் வீட்டில் யாரும் பூட்டை மாற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தவள் நான்.

12. கட்டணம் செலுத்தாதோரை வகுப்புகளிலிருந்து நீக்கும் பட்டியல் வெள்ளி, ஆகஸ்ட் 30, மாலை ஐந்து மணிக்குக் கணினியில் தானாகவே நடைமுறைக்கு வரும். நீக்கப்பட்டால் ரேலினின் இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்கு அந்த நிமிடமே போய்விடும். அடுத்த சேர்க்கை ஓராண்டு கழித்து. எனவே கீழ்க்காண்பவற்றைக் கோருகிறேன்.

வெள்ளி மாலைக்குள் ஆகஸ்ட் 14 ஆம் நாள் முடிவை மீட்டுத் தர வேண்டும். என் தீர்ப்பின் மீது நம்பிக்கை இல்லையெனில், இந்த அலுவலகத்தைச் சாராத வேறொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலர் கோப்பைப் பார்க்கட்டும். அதுவரை ரேலினின் பெயரைப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையின் கேமராப் பதிவை இன்றே பாதுகாக்க உத்தரவிட வேண்டும். எந்த மாணவரின் விலக்குக் கோப்பைக் கொண்டும் இனி யாரும் வீட்டுக்குத் தொலைபேசி செய்யக் கூடாது. என் பழைய கோப்பை யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இவற்றில் கடைசியானது காத்திருக்கலாம். எட்டு ஆண்டு காத்த ஒன்று உரக்கப் படிக்கப்பட்டுவிட்டது. அதை இனி யாரும் திரும்ப மூட முடியாது. முதலாவது காத்திருக்காது.

13. இயக்குநர் பதவிக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் விஷயம் அமைதியாக முடியும் என்று எனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. நான் திரும்பப் பெறவில்லை.

14. ரேலின் இன்று காலை மீண்டும் வந்தார். இம்முறை நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு கிளாஸும் விடாத" என்று மட்டும் சொன்னேன். பட்டியலிலிருந்து ஒரு பெயரை நிறுத்தி வைக்கும் பொத்தான் திங்கள் வரை என் திரையில் இருந்தது. இப்போது அது திரு. பிளெட்சோவின் திரையிலும் தங்கள் திரையிலும் மட்டுமே இருக்கிறது.

இவண்,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) டெஸ்ஸா நேப்பியர்

இடம்: டாலிவர் கேப்
நாள்: 28.08.2024

இணைப்பு:
1. ஒப்புதல் குறிப்பு, மறுப்புக் கடிதம் – பிரதிகள்.
2. திரு. சைஸ்மோரின் கடிதம், வழித்தடக் குறிப்பேட்டின் பக்கங்கள் – மாணவியின் எழுத்துபூர்வ இசைவுடன்.
3. இவ்வாண்டின் பதினெட்டு முடிவுகள் – பெயர்கள் மறைக்கப்பட்டு.
4. 2016 ஆம் ஆண்டில் நான் எழுதிய கடிதம், முழுமையாக, மூடிய உறையில். நேர்காணலில் படிக்கப்பட்டது ஒரு பத்தி. இதைத் திறந்து படிக்கத் தங்களுக்கு மட்டும் அனுமதி அளிக்கிறேன். கோப்பில் உள்ள ரேலினின் கடிதத்தையும் அருகில் வைத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னிடம் யாராவது முன்பே அனுமதி கேட்டிருந்தால், இப்படியே படிக்கக் கொடுத்திருப்பேன்.